குழந்தையின் கேள்விக்கு விடை கூறிய பெருமகன்: மாட்டின் லூதர் கிங்

பெரியோர்க்கு விடை கூறுதல் எளிது. குழந்தைகளுக்கு விடை கூறுதலே அரிது. பெரியவர் ஒருவர் நியாயம் கேட்டால் சட்டத்தைக் காட்டலாம், சாத்திரத்தைக் காட்டலாம், நெடுங்காலமாக வந்த வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். குழந்தையோ இவற்றுள் ஒன்றையும் ஏற்பதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்கும். விடை பொருந்தாவிடின் மறுமுறையும் ஏன் என்றே கேட்கும். மனிதருள் ஒருவர் உயர்ந்தவர், மற்றொருவர் தாழ்ந்தவர் என்னும் ஏற்பாடு பெரியோர் சபைகளில் எத்தனையோ நூற்றாண்டு நிலைபெற்றிருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளையொன்றின் கேள்விக்கு முன்னால் அது ஒரு நாழிகையும் நில்லாது.

அமெரிக்க நாட்டிலே குடியியல் உரிமைக்காகப் போராடி உயிர் துறந்த மாட்டின் லூதர் கிங் என்பாரின் வாழ்க்கை அத்தகைய கேள்வியொன்றினால் தொடங்கி, அத்தகைய கேள்வியொன்றினால் வளர்ந்த வாழ்க்கையாகும். அவர் கேட்ட பிள்ளையாகவும் இருந்தார். விடை கூற வேண்டிய தந்தையாகவும் இருந்தார். கிறித்தவப் போதகர் ஒருவரின் சரிதம் இந்து வாலிபர் சங்க மலரில் இடம்பெறுவதற்குக் காரணம் என்னவெனச் சில பெரியோர் வினவக்கூடும். மிஷன் பாடசாலையொன்றிற் கற்ற காலத்திலே அவர் பெயரை முதன்முதற் கேட்டேன். அன்று அவரை அந்தச் சமயத்தார்க்கே உரியவரென எண்ணினேன். பின்னர் அவர் சரிதத்தைப் படித்தபோதுதான் அவர் கைக்கொண்ட ஆயுதம் எங்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் என்பதையும், அவர் எதிர்த்த நோய் எங்கள் வீட்டிலும் உண்டு என்பதையும் உணர்ந்தேன்.

விளையாட்டுத் தோழன்

மாட்டின் லூதர் கிங் 1929ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அற்லாந்தாவிற் பிறந்தார். தந்தையார் எபனேசர் பப்திஸ்து தேவாலயத்தின் போதகர். தாயார் அல்பேற்றா அம்மையார் ஆசிரியத் தொழிலுக்குப் பயின்றவர். தேவாலயத்திலே ஓர்கன் வாத்தியம் இசைப்பவர். பசி அறியாத குடும்பம். அன்பு நிறைந்த இல்லம். தமக்கையார் ஒருவர், தம்பி ஒருவர் ஆகியோருடன் பிள்ளை கவலையின்றி வளர்ந்தான்.

அக்காலத்திலே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் வேறாக்கி வைக்கும் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அடிமை முறை 1865இல் ஒழிந்தது. ஆயினும் அதன் பின்னும் பாடசாலை வேறு, வைத்தியசாலை வேறு, தண்ணீர்க் குழாய் வேறு, புகையிரதப் பெட்டி வேறு என்று எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தனர். இரண்டும் சமமானவையே என்று ஏட்டில் எழுதினார்கள். நாட்டிலோ கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை எப்போதும் தாழ்ந்தவையாகவே இருந்தன.

இவை ஒன்றையும் அறியாத சிறுவன் கிங்குக்கு மூன்று வயது முதல் ஒரு வெள்ளைச் சிறுவன் விளையாட்டுத் தோழன். அவனுடைய தந்தை கிங்கின் வீட்டுக்கு எதிர்ப்புறத்திலே கடை வைத்திருந்தவர். ஆறு வயதில் இருவரும் பாடசாலைக்குச் சென்றார்கள். ஆனால் வெவ்வேறு பாடசாலைக்கு. சில நாட்களில் அத்தோழன் வந்து, இனிமேல் உன்னுடன் விளையாடக்கூடாதென்று தன் தந்தை கட்டளையிட்டு விட்டார் என்றான்.

அன்று இராப் போசன வேளையில் சிறுவன் பெற்றோரைக் கேட்டான். தான் என்ன பிழை செய்தான்? தோழன் ஏன் வரக்கூடாது? அந்த மேசையிலே தாய் தந்தையர் எத்தகைய சங்கடத்தை அடைந்திருப்பர் என்பதைப் பிள்ளை பெற்றோர் அறிவர். பொய் சொல்லி இருக்கலாம். பிள்ளைக்கு இது விளங்காது, வளர்ந்த பின் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றி இருக்கலாம். அவர்கள் அவ்விதம் செய்யவில்லை. தாயார் பிள்ளையை அருகில் இருத்தி, முன்னொரு காலத்தில் தங்கள் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டதையும், உள்நாட்டுப் போரின் பின் அடிமை முறை ஒழிந்ததையும், அதன் எச்சமாகவே இந்தப் பிரிவினை நிற்பதையும் அவன் அறிவுக்கு எட்டியவாறு எடுத்துரைத்தார். இது இயற்கை செய்த வேற்றுமை அன்று, மனிதர் செய்த ஏற்பாடு என்பதை வற்புறுத்தினார். இறுதியிலே, நீ எவருக்கும் குறைந்தவன் அல்லன் என்பதை மறவாதே என்றார்.

இதைக் கேட்ட பிள்ளையின் உள்ளத்தில் வெள்ளையர் எல்லார்மீதும் வெறுப்பு மூண்டது. அதையும் பெற்றோர் கண்டனர். வெறுப்பதற்கு உனக்கு உரிமையில்லை, அன்பு செய்வதே உன் கடன் என்றனர். தன்னை வெறுப்பவனைத் தான் எவ்வாறு நேசிப்பது என்ற புதிய கேள்வி அப்பொழுது சிறுவனிடம் எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை காண அவனுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

தந்தை காட்டிய பாடம்

தாயின் வாய்ச்சொல்லால் வந்தது ஒரு பாடம். தந்தையின் செய்கையால் வந்தது மற்றொரு பாடம். ஒருநாள் தந்தையார் மைந்தனுக்குச் சப்பாத்து வாங்கும் பொருட்டுக் கடையொன்றுக்குச் சென்றார். இருவரும் முன்வரிசை ஆசனங்களில் அமர்ந்தனர். கடைச் சிப்பந்தி வந்து, பின்புறத்து ஆசனத்துக்குப் போனால் சப்பாத்துத் தருவேன் என்று பணிவாகவே சொன்னான். இந்த ஆசனத்திற்கு என்ன குறை என்று தந்தையார் வினவினார். பின்புறம் போகத்தான் வேண்டுமென அவன் சொல்லவே, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சப்பாத்து வாங்காமலே வெளியேறினார்.

இன்னொரு நாள் தந்தையார் மோட்டார் வண்டி ஓட்டிச் செல்கையில் பொலிஸ்காரன் ஒருவன் மறித்துப் பொடியன் என்று விளித்தான். தந்தையார் அருகிலிருந்த மகனைச் சுட்டிக் காட்டி, பொடியன் இவன், நான் மனிதன் என்றார். வயதில் முதிர்ந்தவரைச் சிறுவனைப்போல் ஒருமையில் அழைத்து அவர் நிலையை நினைவூட்டும் வழக்கம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. எமது ஊர்களிலும் நரைத்த தலையரை நேற்றுப் பிறந்தவர் நீ என்று அழைத்த காலத்தை எம் பாட்டன்மார் நன்கு அறிவர்.

1944இல் மாணவனாயிருந்த கிங் பேச்சுப் போட்டி ஒன்றிற்காக டப்ளின் என்னும் ஊருக்குச் சென்று பரிசு பெற்றார். பேசிய பொருள் அமெரிக்க அரசியலமைப்பும் கறுப்பினத்தவரும் என்பது. ஆசிரியையுடன் பஸ் வண்டியில் அற்லாந்தாவுக்குத் திரும்பும் வழியிலே வெள்ளையர் சிலர் ஏறினர். எழுந்து இடம்விடுமாறு சாரதி ஏசினான். கிங் எழ மனமின்றி இருந்தார். ஆசிரியை, சட்டத்துக்கு அமைவோம் என்று மன்றாடிய பின்னரே எழுந்தார். ஏறக்குறைய 90 மைல் தூரம் நின்றவாறே வந்தார். சமத்துவம் பேசிப் பரிசு பெற்ற அன்றே அந்தச் சமத்துவம் எத்துணைத் தொலைவில் இருக்கிறது என்பதைக் கால்கள் நோவ அறிந்தார்.

கல்வியும் காந்தியமும்

பதினைந்து வயதிலே மோர்ஹவுஸ் கல்லூரியிற் புகுந்து 1948இல் சமூகவியலிற் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாவிலுள்ள குறோசர் இறையியற் கல்லூரியில் 1951 வரை பயின்றார். அங்கு கற்கும் நாட்களில், இந்தியாவுக்குச் சென்று வந்த கலாநிதி மோடெக்காய் ஜோன்சன் என்னும் கல்விமான் பிலதெல்பியாவில் நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். காந்தியடிகளைப் பற்றிய அப்பேச்சு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கூட்டம் முடிந்ததும் காந்தியடிகள் பற்றிய நூல்கள் பலவற்றை வாங்கிப் படித்தார். பகைவனை நேசி என்னும் போதனை தனி மனிதருக்கு மட்டுமே பொருந்தும் என எண்ணியிருந்த அவருக்கு, அதே அன்பு ஒரு முழு மக்கட் கூட்டத்தின் போராட்டத்துக்கும் படைக்கலமாகலாம் என்பது அப்போதுதான் புலனாயிற்று. இராப் போசன மேசையில் எழுந்த பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

1953இல் கொறெற்றா ஸ்கொற் என்னும் மங்கையை மணந்தார். 1954இல் அலபாமா மாநிலத்து மொன்கொமறி நகரில் டெக்ஸ்ரர் அவெனியூ தேவாலயத்துக்குப் போதகரானார். 1955இல் பொஸ்ரன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் தலைமகள் யோலாண்டா பிறந்தாள். இரண்டு வாரத்தில் அந்நகரில் பஸ் வண்டிப் போராட்டம் தொடங்கிற்று.

381 நாட்கள்

மொன்கொமறி நகரத்து பஸ் வண்டிகளில் முன்புறத்து ஆசனங்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கறுப்பினத்தவர் முன்வாயிலில் ஏறிப் பணம் கொடுத்த பின் இறங்கிச் சென்று பின்வாயிலால் ஏறவேண்டிய நிலையும் இருந்தது. முன்புறம் நிறைந்துவிட்டால் அடுத்த வரிசையில் இருக்கும் கறுப்பினத்தவரும் எழவேண்டும். 1955 மார்ச்சு மாதத்தில் குளோடெற் கொல்வின் என்னும் 15 வயதுப் பாடசாலை மாணவி எழ மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1ஆந் திகதி றோசா பாக்ஸ் என்னும் தையல் தொழில் செய்த அம்மையார் மறுத்துக் கைதானார்.

அதன்பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் ஒன்றுகூடி பஸ் வண்டிகளைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர். தலைமை தாங்கும் பொறுப்பு 26 வயதினராகிய கிங்கை வந்தடைந்தது. பஸ்ஸிற் செல்வோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரேயாதலால் வண்டிகள் வெறுமையாக ஓடின. வயோதிபரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் மழையென்றும் குளிரென்றும் பாராது நடந்தே வேலைக்குச் சென்றனர். 381 நாட்கள் இவ்வாறு கழிந்தன.

1956 ஜனவரி 30ஆந் திகதி இரவு கிங் கூட்டமொன்றில் இருந்த வேளையில் அவருடைய வீட்டு முன்விறாந்தையிலே குண்டு வெடித்தது. வீட்டினுள்ளே மனைவியும் இரண்டரை மாதக் குழந்தையும். தெய்வாதீனமாக இருவருக்கும் ஊறு நேரவில்லை. விரைந்து வந்த கிங் கண்டது கையில் ஆயுதங்களுடன் திரண்டு நின்ற தம் மக்களை. ஒரு சொல் தவறினால் அன்றிரவு இரத்த ஆறு ஓடியிருக்கும். உடைந்த விறாந்தையிலே நின்று, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பகைவரை நேசியுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மக்கள் கலைந்தனர். தன் குழந்தையைக் கொல்ல வந்தவனையும் வெறுக்காதிருத்தல் பிரசங்க மேடையிற் சொல்வதற்கு எளிது. குண்டு வெடித்த வாசலில் நின்று சொல்வதற்கோ தவம் வேண்டும்.

நவம்பர் 13ஆந் திகதி உயர் நீதிமன்றம் பஸ் வண்டிகளிற் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு மாறானது என்று முடிவு செய்தது. அந்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களுள் மாணவி கொல்வினும் ஒருத்தி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. டிசம்பர் 21ஆந் திகதி கிங் பஸ் வண்டியில் முன்வரிசையில் அமர்ந்து சென்றார்.

குமரிமுனையும் திருவனந்தபுரமும்

1959ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கிங் தம்பதிகள் இந்தியாவிலே யாத்திரை செய்தனர். பிரதமர் நேரு, ஆசாரிய வினோபா பாவே முதலியோரைக் கண்டனர். கன்னியாகுமரியில் அந்தி வேளையிலே ஒருபுறம் ஞாயிறு மறைய மறுபுறம் திங்கள் எழும் காட்சியைக் கண்டு கிங் பரவசமுற்றார். இருள் சூழும் வேளையிலும் வேறொரு திசையில் ஒளி எழும் என்பதற்கு அது சான்றெனப் பின்னர் தம் சபையாருக்கு எடுத்துரைத்தார்.

அந்த யாத்திரையில் நிகழ்ந்த வேறொரு சம்பவமே எமக்கு முக்கியமானது. அதை அவரே பின்னாளிற் பிரசங்கம் ஒன்றிற் கூறினார். திருவனந்தபுரத்திலே தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பயிலும் பாடசாலை ஒன்றுக்கு அவர் அழைக்கப்பட்டார். தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகஞ் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் எமது சக தீண்டாதார் என்றார். கிங் ஒரு கணம் திடுக்குற்றார். உள்ளூரச் சினமும் கொண்டார். கலாநிதிப் பட்டம் பெற்றவர், பிரதமரின் விருந்தினர், அவருக்கா இந்தப் பெயர்? பின்பு தம் நாட்டில் வறுமையிலும் இழிவிலும் உழலும் இரண்டு கோடித் தம் மக்களை நினைத்தார். ஆம், நானும் ஒரு தீண்டாதவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார்.

அன்பர்களே, இச்சம்பவத்தை அமெரிக்கர் படிக்கும்போது தங்கள் நாட்டைப் பற்றி நாணுவர். நாம் படிக்கும்போது யாரைப்பற்றி நாணுவது? நிறவெறியின் கொடுமையை ஒரு சொல்லில் விளக்குவதற்கு அந்தத் தலைமையாசிரியர்க்கு அகராதி புரட்ட வேண்டி நேரவில்லை. எங்கள் சமூகம் அச்சொல்லை முன்னரே ஆயத்தமாக வைத்திருந்தது.

மகளின் கேள்வி

1960இல் கிங் குடும்பத்துடன் அற்லாந்தாவுக்குத் திரும்பினார். அந்நகரிலே ஃபன்ரவுன் என்னும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் அடிக்கடி தோன்றும். எல்லோரும் வருக என்று அது பிள்ளைகளை அழைக்கும். ஆறு வயதளவிலிருந்த யோலாண்டா தன்னையும் அங்கு கூட்டிச் செல்லும்படி தந்தையைக் கேட்டாள். ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினார். அவள் மீண்டும் மீண்டும் கேட்டாள். ஆயிரக்கணக்கானோரைத் தம் நாவன்மையால் ஆட்கொண்ட அப்பேச்சாளரின் நா அந்தச் சின்னஞ்சிறு மகளின் முன்னே தடுமாறியது.

இறுதியில் உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்தப் பூங்கா திறந்ததன்று என்றார். மகளின் கண்களில் நீர் பெருகிற்று. தாம் ஒருபோதும் தாழ்ந்தவள் என எண்ணியிராத அவ்விளம் உள்ளத்திலே அக்கணமே முதற் கருமேகம் படர்ந்ததைத் தந்தை கண்டார். அதனினும் அவர் அஞ்சியது வேறொன்றை. அந்தக் கண்ணீர் கசப்பாகி, கசப்பு வெறுப்பாகி விடலாகாது. ஆகவே, நீ அங்கு வருவதை விரும்பாத வெள்ளையர் பலர் உளர். விரும்பும் வெள்ளையரும் பலர் உளர் என்று எடுத்துரைத்தார். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தம் தாயார் கூறிய விடையையே தாமும் கூறினார் எனலாம்.

ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. அந்த விடை அடுத்த தலைமுறைக்கும் தேவைப்படலாகாது என்று அவர் உறுதி பூண்டார். 1963 ஏப்ரிலில் பேமிங்காம் நகரிற் சத்தியாக்கிரகம் செய்து சிறைப்பட்டபோது, இது தக்க தருணம் அன்று, பொறுத்திருங்கள் என்று எட்டு மதகுருமார் அறிக்கை விட்டனர். சிறையிலே பத்திரிகைத் தாளின் ஓரங்களில் கிங் அவர்களுக்கு மறுமொழி எழுதத் தொடங்கினார். பொறுத்திருக்க ஏன் இயலாது என்பதற்கு அவர் காட்டிய காரணங்களுள் மகளின் அந்தக் கண்ணீரும் ஒன்று. உலகப் புகழ் பெற்ற அக்கடிதத்தில் ஒரு சிறுமியின் அழுகை நியாயமாக நிற்கிறது.

சில காலத்தின் பின் அப்பூங்கா ஆரவாரமின்றிச் சகலருக்கும் கதவைத் திறந்தது. கிங் சொன்ன வாக்கை மறக்கவில்லை. யோலாண்டாவை அங்கு கூட்டிச் சென்றார். அங்கிருந்த வெள்ளையர் சிலர் அணுகி, நீங்கள் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி என்று கூறினர். மகள் அதைத் தன் செவியாலேயே கேட்டாள். விரும்பும் வெள்ளையரும் உளர் என்று தந்தை சொன்னது ஆறுதலுக்காகச் சொன்ன பொய் அன்று என்பது அவளுக்குத் தெளிவாயிற்று.

சிறுவர் படை

பேமிங்காம் போராட்டத்தில் மற்றொரு கடினமான கேள்வி எழுந்தது. பெரியோர் ஊர்வலத்திற் சென்றால் வேலை போய்விடும். குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகையால் மாணவரை அழைக்கலாம் என்று துணைவர் ஜேம்ஸ் பெவல் யோசனை கூறினார். பிள்ளைகளை ஆபத்தில் இடலாமோ என்று கிங் தயங்கினார். முடிவில் இசைந்தார். 1963 மே 2ஆந் திகதி ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தேவாலயத்திலிருந்து பாடிக்கொண்டு புறப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள் தீயணைக்கும் நீர்க்குழாய்களையும் நாய்களையும் பொலிசார் அவர்கள்மீது ஏவினர். அந்தக் காட்சியைப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கண்ட உலகம் பதைத்தது.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தாயுடன் அணியிற் செல்கையில், உனக்கு என்ன வேண்டும் என்று பொலிஸ்காரன் ஒருவன் அதட்டினான். சுதந்திரம் என்றாள். அச்சொல்லைச் சரிவர உச்சரிக்கவும் அவளுக்கு இயலவில்லை என்று கிங் எழுதியிருக்கிறார். பொருள் மட்டும் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

பிள்ளைகளை முன்னிறுத்தியதற்காகக் கிங்கைக் கண்டித்தோர் பலர். அவருடைய நண்பர்களும் அவர்களுள் இருந்தனர். அக்கண்டனத்தை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. மே 10ஆந் திகதி உடன்பாடு ஏற்பட்டு வெற்றி கிட்டியது உண்மை. ஆனால் செப்ரெம்பர் 15ஆந் திகதி ஞாயிறு காலையில் அப்பிள்ளைகள் புறப்பட்ட அதே தேவாலயத்திற் குண்டு வெடித்து 14 வயதுச் சிறுமியர் மூவரும் 11 வயதுச் சிறுமி ஒருத்தியும் மாண்டனர். மூவரின் இறுதிக் கிரியையிற் கிங்கே உரை நிகழ்த்தினார். பெரியோர் காலாகாலத்தில் தீர்க்காது விட்ட கடனைப் பிள்ளைகளே இறுத்தனர் என்பதன்றி இதற்கு வேறென்ன சொல்வது?

உரிமையும் முடிவும்

அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே சுமார் 250,000 மக்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய பேருரை உலகறிந்தது. அவ்வுரையிலும் அவர் தம் நான்கு குழந்தைகளை மறந்தாரில்லை. தோலின் நிறத்தால் அன்றிக் குணத்தால் அவர்கள் மதிக்கப்படும் காலம் வரும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். 1964 ஜூலை 2ஆந் திகதி குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. உணவுச்சாலை, விடுதி, பூங்கா முதலிய பொது இடங்களில் நிற வேற்றுமை காட்டுதல் குற்றமாயிற்று. அவ்வாண்டே சமாதானத்துக்கான நோபல் பரிசு 35 வயதினராகிய அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை இயக்கத்துக்கே வழங்கினார். செல்மா நகரத்துப் போராட்டத்தின் பயனாக 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் போதும் என்று அவர் ஓய்ந்திருக்கவில்லை. உணவுச்சாலையில் அமர உரிமை பெற்றவனுக்கு உணவு வாங்கப் பணமும் வேண்டும் அன்றோ? 1966இல் சிக்காகோ நகரத்து வறியோர் குடியிருப்புகளுக்குப் போராடினார். 1967இல் வியட்நாம் போரைக் கண்டித்து, நண்பர் பலரின் பகையைத் தேடிக்கொண்டார். 1968இல் மெம்பிஸ் நகரத்துக் கழிவகற்றும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிலாளர் இருவர் குப்பை வண்டி இயந்திரத்தில் நசுங்கி மாண்டதே அதற்கு உடனடிக் காரணம். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற இடத்தில், ஏப்ரில் 4ஆந் திகதி மாலை, விடுதியின் மேன்மாடத்தில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 39. உடலைக் கோவேறு கழுதைகள் இழுத்த எளிய வண்டியிலே கொண்டு சென்றனர். நோபல் பரிசு பெற்றவரின் கடைசிப் பணி குப்பை அள்ளுவோர்க்கான பணி. எமது சமூகத்திலே அத்தொழிலைச் செய்வோரை எங்கு நிறுத்தி வைத்தோம் என்பதை நினைந்தால் அந்த மரணத்தின் உயர்வு விளங்கும்.

எமக்குரிய கேள்வி

கிங் உயிர் நீத்த அதே 1968ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே சைவ மக்கள் சிலர் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு நின்றனர். பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்னும் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதற்கு முப்பது ஆண்டு முன்னர், 1927இல், காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையை ஒழிக்குமாறு எம் முன்னோரிடம் கேட்டுச் சென்றார். அடிகளின் சொல்லைக் கேட்டு அமெரிக்கர் ஒருவர் தம் நாட்டையே அசைத்தார். அடிகளை நேரிற் கண்டு மாலை சூட்டிய ஊரிலோ கோவிற் கதவு அத்தனை காலம் அசையாது கிடந்தது.

சென்ற ஆண்டு எமது சங்கத்துச் சிறுவர் வகுப்பிலே இக்கதையைச் சொன்னேன். மொன்கொமறி பஸ் வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், நாங்கள் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் எங்களை எங்கே இருத்தியிருப்பார்கள் அண்ணா என்று கேட்டான். பின்னுக்குத்தான் என்றேன். எல்லாரையுமோ என்றான். எல்லாரையும் என்றேன். அவன் தன் அருகிலிருந்த தோழனைப் பார்த்துச் சிரித்தான். அத்தோழனின் வீட்டிலே தண்ணீர் குடிக்கக்கூடாதென்று அவனுக்கு எவரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அப்படியானால் இங்கே மட்டும் ஏன் என்று அவன் அடுத்ததாகக் கேட்டபோது எனக்கு உடனே விடை வரவில்லை. வகுப்பு முடியும் மணி அடித்தது. நானும் அதைச் சாக்காகக் கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்று நான் தப்பிக்கொண்டது பிழை. அல்பேற்றா அம்மையார் தப்பிக்கொள்ளவில்லை. அவர் கூறிய விடையில் எமக்கு வேண்டியன எல்லாம் இருக்கின்றன. உண்மையை மறையாதிருத்தல், இது இறைவன் வகுத்ததன்று, மனிதர் வகுத்தது எனக் காட்டுதல், எவருக்கும் நீ தாழ்ந்தவன் அல்லன் எனல், எவரையும் வெறாதே எனல். எமது பிள்ளைகளுள் சிலருக்கு இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லல் வேண்டும்: எவருக்கும் நீ உயர்ந்தவனும் அல்லை. வெள்ளைச் சிறுவனின் தந்தை அன்று தன் மகனுக்குச் சொல்லத் தவறியது அதுவே.

சொன்னால் மட்டும் போதாது. சப்பாத்துக் கடையிலிருந்து எழுந்து வெளியேறிய தந்தையைப்போல் பிள்ளைகள் காணச் செய்தும் காட்டல் வேண்டும். வரும் ஞாயிறு நான் அந்தச் சிறுவனுக்கு விடை கூறப்போகிறேன். அதன்பின் அவனையும் கூட்டிக்கொண்டு அவன் தோழன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க எண்ணியிருக்கிறேன். சங்கத்து அன்பர்களும் பெரியோர்களும் உடன்வந்தால் அதுவே இம்மலருக்கும் சிறப்பு, அப்பெருமகனுக்கும் அஞ்சலி.